பெர்த்ரான் தெரு

பழைய பலகையில் பெயர் மட்டும்தான் இருந்தது.
புயலில் அதுவும் போனது.
புதிய பலகைக்குப் படிவம் வந்திருக்கிறது:
பெயருக்குக் கீழே ஒரு வரி,
இருபத்திரண்டு எழுத்துக்குள்,
யார் இந்த பெர்த்ரான்?

சேந்த் ஆந்த்ரே நகரசபையில்
மூன்று நாற்காலி, ஒரு மின்விசிறி, குமாஸ்தாவாக நான்.
ரம் ஆலை அதிபர் என்றார் துணைமேயர்,
சர்ச் மணிக்குப் பணம் கொடுத்தவராம்.
மலேரியா வருஷத்தில் கழுதைமேல் வந்த
டாக்டர் என்றாள் மதாம் ஓரோ.
எரிமலைச் சாலையில் முதலில்
சைக்கிள் ஏற்றியவன் என்றான் காவலாளி.
பிரேக் இல்லாமல் இறங்கியதும் அவன்தான்,
அதற்கே ஒரு தெரு தரலாம்.

எல்லோரும் பெர்த்ரான்.
எல்லோருக்கும் பளிங்கில் கல்லறை.

அகராதியைத் திறந்தாள் மதாம் ஓரோ.
பழைய ஜெர்மன், என்றாள். இரண்டு சொல்.
முதலாவது: மினுங்குகிற.
இரண்டாவது: அண்டங்காக்கை.
துணைமேயர் சிரித்ததில் காபி சிந்தி
ஆலை அதிபரின் புகைப்படம் நனைந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெர்த்ரான் நரசிகேன்.
பிறந்த அன்று அவன் அப்பன் சொன்ன பெயர்
எழுத்தரின் பேனாவுக்கு வரவில்லை.
காலண்டரில் அன்றைய புனிதர் யாரோ
அவரே போதும் என்றிருக்கிறார்.
நரசிங்கனை அதற்கு முன்பே
வேறொரு பேனா ஒடித்திருந்தது.
தார் வண்டி ஓட்டினான்.
இந்தத் தெருவுக்கே இரண்டு முறை தார் போட்டான்.

சம்ப்ளானி அன்று
அப்பா படத்துக்கு முன்னால் இலை போடுவோம்.
சோறு, ஆட்டுக்கறி, ஒரு மூடி ரம்,
அவருக்குப் பிடித்த சார்டின், டப்பாவோடு.
பிறகு ஒரு பிடி எடுத்து மதில்மேல்.
காகத்துக்கு.
எங்கள் பக்கம் காகமே கிடையாது.
என்றாலும் கூப்பிடுவாள் என் மனைவி,
கா, கா.
மைனா வரும். அது கணக்கில் சேராது.

ஒரு வருஷம் மதிலுக்கு அப்பாலிருந்து
ஒரு தலை நீண்டது,
நெற்றியெல்லாம் தார், அதன்மேல் வெயில்.
“என்னையா கூப்பிட்டீங்க?”
சார்டினைக் கேட்டு வாங்கித் தின்றான்.
விரல்களை நக்கினான்,
சுண்டுவிரலில் தொடங்கி,
அப்பா நக்குவதுபோலவே.
அப்புறம் ஒன்பது வருஷம்
கூப்பிடாமலே வந்தான்.

பலகை மாட்டியாகிவிட்டது. ரம் ஆலை அதிபர்.
கையெழுத்து துணைமேயருடையது,
பதினெட்டு எழுத்தில் முடித்துவிட்டார்.

என் மதிலில் நான்கு விரல் தடம் இருக்கிறது, தாரில்.
மூன்று முறை சுண்ணாம்பு அடித்தும் மேலே வருகிறது.
இந்த வருஷம் சோற்றை அதற்கு நேரே வைத்தேன்.
மனைவி வாயைத் திறக்குமுன் நான் கூப்பிட்டேன்,
கா என்று அல்ல.