நாலு லீற்றர்

சீனக்குடா எண்ணெய்த் தாங்கிக்குள் நின்று
கிற்றார் வாசித்துப் பதிவுசெய்யத்தான்
ஸ்கொட்லாந்திலிருந்து வந்தார்களாம் ரெண்டு பேரும்.
அனுமதிக் கடிதம் கொழும்பைத் தாண்டவில்லை.
சும்மா திரும்ப மனமில்லாமல்
உப்புவெளி விடுதியின் பின்முற்றத்தில்
ஒருநாள் வாசிப்பதென்று முடிவு.

இரண்டு பெட்டி, ஒரு மிக்ஸர், நாலு மைக்
என்று கொப்பியில் எழுதினேன்.
மைக்கை வெட்டச் சொன்னாள் ஐல்சா.
பாடுகிறவர் எத்தனை மணிக்கு வருவார் என்றேன்.
பாட ஆளில்லை என்றாள்.

இருபத்திரண்டு வருசச் சவுண்ட் சேர்விஸ்.
வில்லூன்றிக் கந்தனுக்குக் கட்டியிருக்கிறேன்,
வாக்குக் கேட்டு வந்தவர்களுக்கும்,
செத்தவீட்டில் தேவாரம் போடவும்.
சொல்லே இல்லாத மேடைக்கு
வயர் இழுத்தது அன்றைக்குத்தான்.

பேர்கஸ் வயலின் வில்லால் கிற்றாரைத் தேய்த்தான்.
காலடியில் தீப்பெட்டி அடுக்கியதுபோல் சின்னப் பெட்டிகள்.
ஒன்றை மிதித்தால் வாசித்தது திரும்பி வந்தது,
இன்னொன்றை மிதித்தால்
திரும்பி வந்ததன் முதுகில் ஏறிக்கொண்டு இன்னொன்று.
ஐல்சா கீபோட்டில் வைத்த ஒற்றை விரலை
பத்து நிமிசம் எடுக்கவேயில்லை.
இம்தாத் என் காதுக்குள் கேட்டான்:
'மச்சான், செக்கிங் இன்னும் முடியல்லயா?'
கச்சேரி தொடங்கி அரைமணி ஆகியிருந்தது.

திரும்பத் திரும்ப வரும் சத்தம் எனக்குப் புதிதில்லை.
வண்டு சுற்றிய மாதங்களில்
படுத்த பாயிலிருந்தே அதன் உயரம் சொல்லுவேன்.
துறைமுகப் பக்கமிருந்து எறிகணை கிளம்பினால்
எண்ணத் தொடங்குவோம்.
சம்பூரில் விழுந்த சத்தம் வந்து சேர
அறுபதுக்குக் கிட்டப் போகும்.
அவன் மிதித்து மிதித்து ஏற்றிய ஒவ்வொன்றுக்கும்
வாய்க்குள் எண்ணிக்கொண்டே நின்றேன்.
நூறு தாண்டியது. நூற்றிருபது.
ஒன்றும் விழவில்லை.

அப்போது கரண்ட் போனது.

கடல். ஒரு நாய்.
யாரோ போத்தலை மேசையில் வைக்கும் சத்தம்.
இம்தாத் இருட்டில் ஓடி ஜெனரேற்றர் கயிற்றை இழுத்தான்,
மூன்றாவது இழுவையில் பிடித்தது.
கிண்ணியாவில் ஒரு மீன்வாடி மூடும்போது
அரைவிலைக்கு வாங்கிய சாமான்,
சைலன்சரில் பாதி இல்லை.
உறுமலில் தகர வேலியும் சேர்ந்து நடுங்கியது.
வெட்கத்தில் நான் தறப்பாளோடு மூட ஓடினேன்.

ஐல்சா கையை உயர்த்தி மறித்தாள்.
மீனுக்கு நிற்கும் கொக்குப்போல் தலையைச் சரித்தாள்.
பேர்கஸ் முறுக்காணிகளை ஒவ்வொன்றாய் இளக்கி
அந்த உறுமலுக்குச் சுருதி சேர்த்தான்.
எஞ்சின் இருமினால் அவன் விரலும் தடுக்கியது,
தூக்கிப் பிடித்தால் கூடவே ஏறினான்.
கோதுமைக் கப்பலொன்று விளக்குப் போட்டபடி
வெளியில் காத்து நின்றது.
எண்ணுவதை எந்த இடத்தில் விட்டேன் என்று
எனக்குத் தெரியாது.

கணக்கு முடிக்கும்போது
பெற்றோல் நாலு லீற்றரை எழுத மறந்துபோனேன்.
என் பிழை.

மூன்று மாதம் கழித்து போனுக்கு வந்தது,
பதினெட்டு நிமிசம்.
பதினாறாவதில், உறுமலின் அடியிலிருந்து
ஒருவன் சொல்கிறான்:
'டேய், எண்ணெய் முடியுது.'
என் குரல்.
அவர்களுக்குக் கிடைக்காத தாங்கிக்குள் நின்று நான் சொன்னதுபோல்
அதை நனைத்து, நீட்டி, மடித்து மடித்து வைத்திருக்கிறார்கள்.
எண்ணெய் முதலில் கரைகிறது.
முடியுது, முடியுது, யுது,
து.
பிறகு உப்புவெளிக் கடல்.

பாட ஆளில்லாத அவர்களின் இசைத்தட்டில்
இருக்கிற ஒரேயொரு வசனம் அது.
வைத்துக்கொள்ளலாமா,
அர்த்தம் என்ன என்று கேட்டிருந்தாள்.
'ஓம்' என்று மட்டும் எழுதினேன்.
அர்த்தத்துக்குப் பிறகு எழுதலாம் என்று விட்டது
இன்னும் எழுதவில்லை.

இம்தாத்துக்குப் போட்டுக் காட்டினேன்.
கண்ணை மூடி, பதினெட்டு நிமிசமும்
அசையாமல் கேட்டான்.
நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

'பிளக் மாத்தணும்' என்றான்.