ஈட்டியாகும் முன் அது மோட்டார் சைக்கிள்

பட்டிருப்புப் பாலத்தடியில் அப்பாவின் காலை முறித்த
அதே சைக்கிளின் முன் ஃபோர்க் கம்பி.
களுவாஞ்சிக்குடி வெல்டிங் கடையில்
எண்ணூறு ரூபாய்க்குக் கூராக்கி,
பாலைத் தடியில் செருகி, டியூப் ரப்பரால் வரிந்து
அம்மாதான் என் கையில் தந்தா.
"பட்ட கடன அது அடைக்கட்டும்" என்றா.
வேறொன்றும் சொல்லவில்லை.

வெல்லாவெளிக்கு மேற்கே எங்கள் வட்டை.
தை மாதம், கதிர் பால்பிடிக்கும் நேரம்.
மூன்று இரவாய் வந்துபோனது அந்தத் தனியன்.
முதல் இரவு நான் குத்தியது வரம்பை.
இரண்டாம் இரவு வாய்க்கால் கட்டின் கல்லை.
மூன்றாம் இரவு எதையுமில்லை,
பயத்தில் அப்படியே குந்திவிட்டேன்.
அதைப் பற்றி வீட்டில் ஒருவரும் கதைக்கவில்லை.
காலையில் அம்மா வளைந்த நுனியைத்
தட்டித் தட்டி நிமிர்த்திய சத்தம் மட்டும்
என் தேத்தண்ணி ஆறும்வரை கேட்டது.

நாலாம் இரவு.
வாடிக்குள் மாவுக்கட்டுக் காலை நீட்டியபடி அப்பா.
எழும்ப ஏலாது, சீழ்க்கை அடிக்க ஏலும்.
இரண்டு நாய்களுக்கும் அவர் உதட்டில்தான் கயிறு.
தம்பி டிலக்சனின் நெற்றியில் டோச்,
அடுத்த வயல் நிந்தவூர்க் காக்கா இரவல் தந்தது.
அம்மாவிடம் தகரமும் அகப்பைக் காம்பும்.
நான் பள்ளிக்கூட விளையாட்டு உடுப்பில்,
முதுகில் "மருதம் இல்லம்" என்ற எழுத்தோடு.

முதலில் தவளைகள் நின்றன.
பிறகு ஈரத்துணியை யாரோ கிழிப்பதுபோல் நெல்லுக்குள்.
அப்பாவின் சீழ்க்கை: நீளமாய் ஒன்று, வெட்டி வெட்டி இரண்டு.
கறுவல் ஒரு பக்கம், சூட்டி மறுபக்கம்,
வாய்க்கால் மூலையில் அதை அடைத்தன.
வெளிச்சம் ஆடியது. தம்பி அழுகிறான்.
பிறகு ஆடவில்லை.
அழுதபடியே தலையை மட்டும்
அசையாமல் வைத்திருந்தான் அந்தப் பொடியன்.
சின்னக் கண் ஒன்று தெரிந்தது,
அந்த உடம்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத கண்.
சேற்றில் என் கால் வழுக்க,
பின்னாலிருந்து இடுப்பு நாடாவை ஒரு கை பிடித்தது.
தகரம் எப்போது நின்றதோ தெரியாது.
"நான் பிடிச்சிருக்கன் மனே. நீ போ."

குத்தினேன் என்று சொன்னால் அது பொய்.
அது வந்தது. நான் விலகவில்லை.
கம்பி வழியே ஒரு மூச்சு ஏறி வந்து
உள்ளங்கையைத் தட்டியது
இரண்டு தரம்.
மூன்றாவதுக்குக் காத்திருந்தேன்.

வாடியிலிருந்து அப்பா:
"ஆருக்கும் காயமா?"
அம்மாவுக்குச் சிரிப்பு வந்து நிற்கவில்லை,
சேற்றில் இருந்துவிட்டா, நாடாவை விடாமலே.
"வாய் இல்லையா உங்களுக்கு!"
"சூட்டிக்கு மட்டும் அப்பா. காதுல."
திரும்பிப் பார்த்தால்
கட்டுக்காலோடு வாசல்வரை அரக்கி அரக்கி வந்திருந்தார்.

முதல் துண்டு சூட்டிக்கு.
பிறகு பெரியம்மா வீட்டுக்கு, மாமாவுக்கு,
ஈட்டிக் கூலியில் நூறு குறைத்த வெல்டிங்காரருக்கு.

விடியக் காக்கா வந்தார். வரம்பிலேயே நின்று
பன்றிப் பக்கம் பாராமல் நெல்லை மட்டும் பார்த்தார்.
"பத்து மூடை தப்பிச்சு புள்ள."
ஒரு கிலோ சீனியைத் தம்பி கையில் வைத்தார்.
அவன் நெற்றியில் டோச் இன்னும் எரிந்துகொண்டிருந்தது,
விடிந்ததைக் கவனிக்காமல்.

அம்மா வயலைச் சுற்றி வந்து கணக்குச் சொன்னா:
"பண்டி திண்டது ஒரு கடகம்.
நாம மிதிச்சது ரெண்டு பாய்."

எட்டு மணிக்குக் கணித பாடம்.
கவராயம் கையில் நிற்கவில்லை,
வட்டம் கோழிமுட்டையாய் வந்தது.
"ராவு நித்திரை இல்லையோ?" என்றார் சேர்.
"வயல்ல வேலை சேர்" என்றேன்.