கீறல்

வ்ரோத்ஸ்வாஃப், ஜனவரி, இரவு பதினொன்று.
பிப்பெட் நுனியால் தட்டின் நடுவே
ஒரு கோடு கிழிக்கிறாள் போகுமிவா.
இரு கரையிலும் மார்புப் புற்றின் செல்கள்,
தோளோடு தோள்.

பிடித்து வைத்திருந்த பசை,
கேட்ஹெரின்,
முதலில் அதுதான் தளர்கிறது.
ஒரு செல் கால் முளைத்ததுபோல் நீள்கிறது.
பிறகு இன்னொன்று.

முதல் டிராம் போகும்போது
கோடு பாதி மூடிவிட்டது.
காயம் ஆறினால் கெட்ட சேதி என்று
எழுதும் நோட்டு இது.

செல்களைத் தந்தவள் எண் நாற்பத்தொன்று.
குறிப்பில் வயது, கட்டியின் அளவு,
‘எலும்பிலும்’ என்றொரு சொல்.
பெயர் இல்லை.

மருந்திட்ட தட்டில்
கோடு இன்னும் கோடாகவே கிடக்கிறது.
கண்ணாடியைத் துடைத்து
மறுபடி குனிகிறாள்.
ஆறாதே, என்கிறாள் போலிஷில்.
நேற்று வாங்கிய ரொட்டி
பையிலேயே காய்ந்திருக்கிறது.