ஐந்தே கால் அடி

படகின் அகலம் ஐந்தே கால் அடி.
சந்தின் வாய் ஆறடி.
அதில் இரண்டடியைத் தின்றுவிட்டு
சபேசன் சாரின் வெள்ளைக் கார்
மூக்கை நீட்டிப் படுத்திருக்கிறது
மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு.

‘படகை யாராவது வீட்ல வைப்பாங்களா?’ என்கிறார்.
வைப்போம்.
கோரையாற்றுக் கரையில் கட்டியிருந்தபோது
ஒரு தடவை எஞ்சினைக் கழற்றினார்கள்.
மறு தடவை நங்கூரம், கயிறு,
தண்ணீர் இறைக்கிற பெயிண்ட் டப்பாவைக்கூட விடவில்லை.
அப்புறம்தான் அது
பழைய டிராக்டர் டயர் இரண்டில் ஏறி
எங்களோடு குடிவந்தது.
சமையலறை ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கிறது.
பட்டப்பகலில் லைட்டைப் போட்டுத்தான் தாளிக்கிறேன்.
அதற்கு நான் யாரிடமும் புகார் கொடுக்கவில்லை.

சபேசன் சார் கூட்டுறவு வங்கியில்
நகை மதிப்பீட்டாளர்.
என் சங்கிலியை உரைத்துப் பார்த்தது அவர்தான்.
கல்லில் இழுத்து, அமிலம் தொட்டு,
ஒற்றைக் கண்ணைச் சுருக்கி
‘அழுக்கு கழிச்சு மூணே முக்கால் பவுன்’ என்று எழுதினார்.
அந்த மூணே முக்கால்தான்
இந்தப் படகு.
நீங்க எடை போட்டதையே
நீங்க அடைச்சு வெச்சிருக்கீங்க சார்
என்று சொல்லிவிட
எத்தனையோ நாள் வாசல்வரை போயிருக்கிறேன்.
காலையில் அவர் என் கோலத்தை மிதிக்காமல்
செருப்பைத் தூக்கித் தூக்கி வைத்து நடப்பார்.
சொல்ல வராது.

பேரூராட்சியில் கேட்டேன்.
‘ரோட்ல கார் நிக்கலாமான்னு எழுதிக் குடுத்தீங்கன்னா
சந்துல படகு நிக்கலாமான்னு நாங்க கேப்போம்மா.’
தாளை மடித்து
இடுப்பில் செருகிக்கொண்டு வந்தேன்.

ஐப்பசி.
நாலு நாள் மழை விட்ட ராத்திரி,
மூன்று மணிக்குப் போன்.
அலையாத்திக்காட்டு ஓரம் இறால் கிளம்பியிருக்கிறதாம்.
நாலரைக்குத் தண்ணீர் ஏறி நிற்கும்,
அப்புறம் வற்றிவிடும்.
கரண்ட் இல்லை. அவர் வீட்டு மணி அடிக்காது.
கதவைத் தட்டினோம். நாய்தான் எழுந்தது.
போன் அணைத்திருந்தது.

‘தூக்கு’ என்றார் என் வீட்டுக்காரர் தங்கரெத்தினம்.
கொழுந்தன், பால்காரர், டீக்கடைப் பையன்,
ஐஸ் பெட்டியோடு பைக்கில் வந்த இரண்டு பேர்,
நான்.
தோளில் ஏறியது படகு.
சேற்றுக்குப் பதில் காற்றில்,
கார் மூக்குக்கு மேலே,
ஒரு முழம் உயரத்தில்
மெல்ல நகர்ந்தது.
தேங்கியிருந்த மழைத்தண்ணீர் சரிந்து
சொட், சொட் என்று கார்மேல் விழ
கார் கத்தத் தொடங்கியது.
தெருவே எழுந்தது.

சார் வந்தார். வேட்டி, வெறும் மார்பு, டார்ச்.
சரி, இன்றைக்கு இருக்கிறது என்று
உதட்டைக் கடித்துக்கொண்டேன்.
டார்ச்சை வாயில் கவ்வினார்.
பின்பக்கம் ஒரு மூலைக்குத் தோளைக் கொடுத்தார்.
மெயின் ரோட்டில் இறக்கிய பிறகுதான்
டார்ச்சை எடுத்துவிட்டு முதல் பேச்சு:

‘எவ்வளவு இருக்கும்?’

‘இருநூத்தி எண்பது கிலோ சார்.’

‘கூட இருக்கு’ என்றார்,
தோளைத் தேய்த்துக்கொண்டே.
‘தண்ணிய கழிச்சா சரியா வரும்.’

மத்தியானம் திரும்பினோம்.
இறால் பெரிதாக ஒன்றும் இல்லை, டீசல் காசு வந்தது.
சந்துக்கு முன்னால் கார் நகர்ந்திருந்தது.
மழைக்கோட்டைக்கூட இழுத்துக் கட்டியிருந்தார்.
தையல் டேப்பை எடுத்து வந்து அளந்தேன்.
சரியாக ஐந்தடி.

இன்னும் கால் அடி.
வேறு வீடாக இருந்தால்
கால் அடிக்குக் கால் கிலோ என்று
இறாலைக் கொடுத்துக் கேட்டிருப்பேன்.
அவர்கள் வீட்டில் மீன் வாடையே ஆகாது.

ஈர டேப்பைச் சுருட்டிக்கொண்டு நிற்கிறேன்.
மணி ஐந்தரை.
வங்கி விட்டு வருகிற நேரம்தான்.