மதிலோரம் ஐந்து கிலோமீட்டர்

ஞாயிறு, ஐந்தே கால்.
மாடிப் பூங்கா வாசலில்
ஆளுக்கு நாலு ஊக்கு கொடுத்தார்கள்.
என் எண் 618.
நைட்டியில் பால் வாங்கப் போகும் வழியில்
டிராக் பேண்ட்டோடு நிற்கக்
கூச்சமாகத்தான் இருந்தது.
ஷம்ஷாத் புர்காவின் மேலேயே
எண்ணைக் குத்திக்கொண்டாள்.
"தெரியுதா?"
"ஸ்டான்லி வரைக்கும் தெரியும்."

மேடையில் ஒருவர்
மதிலைப் பற்றிப் பேசினார்.
கம்பெனிக்காரன் எழுப்பியதாம்.
ஊரைச் சுற்றி ஓடியதாம்.
மிச்சம் இந்தத் துண்டுதானாம்.

ஓடியதாம் என்ற இடத்தில்
நான் நின்றுவிட்டேன்.
சுவர் ஓடியிருக்கிறது.
ஆட்டோ மீட்டர் ஓடுகிறது, வட்டி ஓடுகிறது,
யார் கேட்டாலும் பொழப்பு ஓடுது என்கிறோம்.
நாற்பத்து நாலு வயசில்
நான் மட்டும் இன்றைக்குத்தான்.

மதில் கட்டிய செலவுக்கு
ஜனங்களிடம் வரி கேட்டார்களாம்,
கடைசிவரை வசூலாகவில்லையாம்,
பெயர் மட்டும் வால்டாக்ஸ் ரோடு என்று கிடக்கிறதாம்.
கூட்டத்தில் பலமாக ஒரு விசில்.
கட்டாத வரிக்கு எங்கள் பக்கம்
எப்போதும் விசில் உண்டு.

கொடி அசைந்தது.

எம்.சி. ரோட்டில் எல்லா ஷட்டரும் மூடியிருந்தன.
துணியில்லாத பொம்மைகளைக்
கயிறு போட்டுத் தூணில் கட்டியிருந்தார்கள்.
தீபாவளி நேரத்தில்
ஓர் எட்டு வைக்க முடியாத ரோடு.
இவ்வளவு அகலமா இது?
என்னைவிடச் சத்தமாக
ஒரு போலீஸ்காரர் மூச்சு வாங்கினார்.
காலேஜ் பிள்ளைகள் அதற்குள்
திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.
ஷம்ஷாத் ஒன்றும் சொல்லாமல்
முன்னால் போய்விட்டாள்.
பதினேழு வருஷமாக எதிர் போர்ஷன்.
அவளுக்கு இந்த வேகம் உண்டென்று
எனக்குத் தெரியாது.

மூன்று என்று எழுதிய பலகையைத் தாண்டினால்
எங்கள் தெருமுனை.
அங்கே தண்ணி லாரி.
புதன்கிழமை வந்திருக்க வேண்டியது.

பச்சைக் குடம், ஆரஞ்சுக் குடம்,
பிடி உடைந்த பெயிண்ட் வாளி.
என் நீலக் குடத்தை யாரோ
வரிசையிலிருந்து நகர்த்தி வைத்திருந்தார்கள்.
"ஏ பிலோமினா, இன்னா ஓடிக்கினு கீற?
லாரி கெளம்பப் போவுது!"

யோசித்தேன் என்று சொன்னால் பொய்.

விசில் வைத்திருந்த பையன்
பின்னாலேயே வந்தான்.
"ஆன்ட்டி, ரூட் இது இல்ல, நேரா போகணும்."
"தெரியும்பா. இத கொஞ்சம் புடி."
பிடித்தான். நல்ல பிள்ளை.
துரு கலந்து வந்த முதல் தண்ணியைக்
கீழே விடக்கூட அவனுக்குத் தெரிந்திருந்தது.
நாலு குடம்.
ரெண்டு மாடி, ரெண்டு நடை,
இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று.
618 நனைந்து எட்டின் பாதி கரைந்து
மூன்று மாதிரி ஆகிவிட்டது.

பிறகு போனேன்.
ரோட்டில் ஓடுகிறவர்கள் யாருமில்லை.
பின்னால் ஆம்புலன்ஸ் மட்டும்,
சைரன் போடாமல்,
கல்யாண ஊர்வலத்துக் கார் போல.
மேஜையை மடித்துக்கொண்டிருந்தவர்கள்
என்னைப் பார்த்து அவசரமாக
ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினார்கள்.
சிரித்துவிட்டேன். தப்பாக நினைத்திருப்பார்கள்.

கடைசி இருநூறு மீட்டர் மதிலோரம்.
செங்கல்லைப் பிளந்து ஓர் அரசங்கன்று.
அதில் யாரோ காயப்போட்ட பனியன்.
எவனை உள்ளே விடாமலிருக்க
இத்தனை கனமாகக் கட்டினார்கள் என்று
மேடையில் சொன்னார், மறந்துவிட்டது.
எங்கள் தெரு மதிலுக்கு உள்ளேயா வெளியேயா என்று
கேட்க நினைத்திருந்தேன்.
மைக்கைக் கழற்றிவிட்டார்கள்.

போனில் செய்தி வந்தது.
பிலோமினா, ஐந்து கிலோமீட்டர்,
ஒரு மணி ஒன்பது நிமிடம்.
அதில் இருபது தண்ணிக்கு என்று
எந்த மெஷினுக்குத் தெரியும்?

ஷம்ஷாத் கழுத்தில் பதக்கத்தோடு
தோசைப் பொட்டலத்தைப் பிரிக்காமல்
படியில் உட்கார்ந்திருந்தாள்.
என் ஈரச் சட்டையைப் பார்த்தாள்.
"லாரி வந்துச்சா?"
"வந்துச்சு."
"எனக்கு?"
"ரெண்டு. உன் வாசல்ல இருக்கு."

பதக்கத்தைத் திருப்பி
பின்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.
"மூடி வெச்சியா?" என்றாள்.