மூன்றாம் ஞாயிறு: கழிப்பறை

பூசைக்குப் போனாயா என்று
ஒவ்வொரு ஞாயிறும் அம்மா கேட்பாள்.
போனேன் என்பேன்.
எட்டு மாதம் அப்படி.
அந்த நேரங்களில் நான்
சிப்பி உடைத்துக்கொண்டிருந்தேன்.

இரவு இரண்டரைக்கு எழுப்பும் வேலை.
குரே துறைமுகம் தாண்டித் தகரக் கொட்டகை.
கையுறைக்குள் இன்னொரு கையுறை,
அதற்குள்ளும் புகும் உப்பு.
யார் எத்தனை கிலோ என்று
பலகையில் எழுதுவார்கள், எண் போட்டு.

என் பெயர் ஞான்.
எங்கள் வியட்நாமிய மொழியில்
ஓய்வு என்று பொருள்.
(என் அப்பாவுக்கு நகைச்சுவை உணர்வு கிடையாது.
உண்மையாகவே ஆசைப்பட்டு வைத்தார்.)
முதல் நாள் மேற்பார்வையாளர் அதை உரக்க வாசித்ததும்
கொட்டகையே சிரித்தது.
இந்த ஊர்க் காதுக்கு
அது பூனை கத்துவது.
அன்றிலிருந்து நான் பதினான்கு.

ஏப்ரலில் கடலில் நஞ்சு என்றார்கள்.
சிப்பி தின்னும் ஏதோ பாசியாம்.
ஒரு வாரம் வேலை இல்லை.
நஞ்சு கொடுத்த ஞாயிறன்று
காசு போட்டால் துவைக்கும் கடைக்குப் போனேன்.
முப்பத்தெட்டு நிமிடம் என்றது இயந்திரம்.
பக்கத்துச் சரிவில் ஒரு மரக்கட்டடம்,
கூரையில் சிலுவை.
அத்தனை நாளும் அதை
மின்கம்பம் என்று நினைத்திருந்தேன்.

வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும்.
விருந்தாளிகளுக்குப் பச்சை நிறச் செருப்பு,
எனக்கு இரண்டு அளவு பெரியது.
நடந்தால் தட்தட்டென்று
ஆலயம் முழுவதும் அறிவிக்கும்.
மூன்று ஊருக்கு ஒரே குரு,
இருபது நிமிடம் தாமதமாக
ஈரக் குடையோடு ஓடிவந்தார்.
ஒரு சொல் புரியவில்லை.
ஆனால் முழங்கால்களுக்குத் தெரிந்திருந்தது
எங்கே மடங்குவது என்று.

சமாதானம் பகிரும் நேரம் வந்தது.
கைகளைச் சட்டைக் கைக்குள் இழுத்துக்கொண்டேன்.
எலுமிச்சை, காப்பித்தூள், பற்பசை,
எதற்கும் போகாத வாடை அது.
யாரும் கை நீட்டவில்லை.
இங்கே குனிகிறார்கள்.
பதினொரு நரைத்த தலைகள்
என் பக்கம் திரும்பிக் குனிந்தன.

அப்பாடா என்றிருந்தது.
பிறகு, படி இறங்கும்போது,
ஒருவராவது தொட்டிருக்கலாம் என்றும்.

கடையில் என் துணியை யாரோ எடுத்து
கூடையில் போட்டிருந்தார்கள்.
ஈரம் ஆறிப்போய் நாற்றம்.
மறுபடியும் துவைத்தேன்.

மேயில் இரண்டு முறை போனேன்.
ஓரிட்டா அம்மாள் பெயர் கேட்டார்.
சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.
சிரித்தார், நன்றாகவே சிரித்தார்.
கைப்பேசியில் தன் பூனையைக் காட்டினார்,
ஒற்றைக் காது கிழிந்த கிழட்டுப் பூனை.
எனக்குக் கோபம் வரவில்லை.
ஏன் என்று யோசித்தபடியே
மலைச் சரிவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன்.

ஜூன் மாதம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள்.
எழுத்துக் கூட்டி வாசித்தேன்:
சடகனே, தோட்டம்.
குரிஹாரா, பூ.
மூன்றாம் ஞாயிறு, கழிப்பறை,
ஞான்.
என்னை யாரும் கேட்கவில்லை.
வருவேனா என்றுகூடக் கேட்கவில்லை.
தாளைப் படம் பிடித்துவைத்தேன்.

குரிஹாரா வாளியோடு வந்து நின்றார்.
ஆர்கன் வாசிப்பவர், எழுபத்தெட்டு வயது.
குனிய முடியாததால் தண்ணீர் மட்டும் ஊற்றினார்.
மூலையைக் காட்டி
அங்கே, அங்கே என்றார்.
நல்ல கண்டிப்பு.
பிளீச்சிங் காரம் ஏறி இருவரும் தும்மினோம்.
முடிந்ததும் அரிசி அப்பளம், தேநீர்.
அப்பளத்தை வாய்க்குக் கொண்டுபோகையில் கவனித்தேன்,
என் விரல்களில்
வேறு ஏதோ வாடை அடித்தது.

அன்றிரவு அம்மா அழைத்தாள்.
தம்பியின் மோட்டார் சைக்கிள் தவணை,
பக்கத்து வீட்டு வழக்கு,
அங்கே மழையா.
பூசையைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டாள்.
கேட்டிருந்தாலும்
போனேன் என்றுதான் சொல்லியிருப்பேன்,
எப்போதும்போல.