எச்சில் படாதது

சிலோயே தீவில் ஜூலை என்றால் மழை,
ஆகஸ்ட் என்றாலும் மழைதான்.
சால்மன் ஆலையில் மாலை ஷிஃப்ட் முடித்து
செதில் ஒட்டிய கையோடு பத்து மணிக்கு வந்தால்
விறகடுப்பு அணைந்திருக்கும்,
யஸ்னா தூங்கியிருப்பாள்,
தொட்டியில் பாத்திரம் கிடக்கும்.

பிரித்துப் போடுவதில் எனக்கு ஒரு கணக்கு உண்டு.
உருளைக்கிழங்குத் தோல் கோழிகளுக்கு,
பச்சை பாரித்திருந்தால் யாருக்கும் இல்லை.
வெங்காயம் வெந்த சூப்பு நாய்க்கு ஆகாது.
கோழி எலும்பும் ஆகாது, தொண்டையில் குத்தும்.
கோழிக்கொழுப்பைக் கோழிகளுக்கே போட்டால்
ஒன்றை ஒன்று கொத்தி விரட்டித் தின்கின்றன;
போட்டுவிட்டுத் திரும்பிக்கொள்வேன்.
சட்டியில் மீந்தது அவற்றுக்கு,
தட்டில் மீந்தது கபித்தானுக்கு.
மிச்சம் வேறு, எச்சில் வேறு.

வால் இல்லாத ஆறு கோழிகள்.
தின்றதற்கு ஈடாக நீல முட்டை தரும்.
கபித்தான் எதையும் திருப்பித் தருவதில்லை.
தட்டில் கத்தி உரசும் சத்தம் கேட்டால் மட்டும்
வயதை மறந்து எழுந்து வரும்.

பள்ளிக்கூடத்து விளையாட்டரங்கில்
நகராட்சி தடுப்பூசி போட்ட அன்று
எடை மேடையில் ஏற மறுத்த அதை
இரண்டு பேர் தூக்கி வைத்தார்கள்.
போன வருடத்தைவிட ஐந்து கிலோ கூடுதல்.
"என்ன போடுறீங்க சென்யோரா?"
சந்தியாகோவிலிருந்து புதிதாய் வந்த டாக்டர் பையன்.
"எச்சில்தான்" என்றேன்.
"அப்போ உங்க வீட்டுல
யாரோ சாப்பிடறதில்ல போல"
என்று சிரித்தான்.
நானும் சிரித்தேன்.

பாதி மேட்டில், பூட்ஸ் சேற்றில் புதைந்தபோது
சிரிப்பு நின்றது.

மூன்று மாதமாகத் தட்டு அவ்வளவு சுத்தம்.
"மிச்சமே வைக்கிறதில்ல இப்பல்லாம்" என்று
ஆலையில் ரொசால்பாவிடம் பெருமை வேறு.
ஸ்வெட்டர் கையை விரல்வரை இழுத்துக்கொண்டு
அடுப்போரம் அவள் ஒண்டியிருந்ததைக்
குளிர் என்று நினைத்தேன்.
அவள் பெல்ட்டில் ஆணியால் குத்திய
இரண்டு புது ஓட்டைகளை
நான் துவைக்கும்போது பார்த்திருக்கிறேன்.
பார்த்திருக்கிறேன்.

அத்தனை நாளும் நாய்க்குப் போனது எச்சில் இல்லை.
ஒரு வாய் படாத சோறு.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கசுவேலா வைத்தேன்.
கபித்தானை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினேன்.
அது கதவைப் பிறாண்டியது.
யஸ்னா கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
நான் எதையும் கேட்கவில்லை.
சாம்பல் கோழி அடை உட்கார்ந்ததைச் சொன்னேன்,
கப்பல் இன்றும் ஓடவில்லை என்றேன்,
ஆவி பறக்கும் பூசணியை ஊதி ஊதித் தின்றேன்.
அவள் கிழங்கை எட்டுத் துண்டாக வெட்டினாள்.
பிறகு முள்கரண்டியால் நெடுநேரம்
அவற்றைச் சுற்றி நகர்த்தினாள்.
பிறாண்டல் நின்று முனகலாயிற்று.
ஒன்று.
சாறு இரண்டு கரண்டி.
இன்னொன்று.
எண்ணக் கூடாது என்று
ஜன்னல் மழையைப் பார்த்துக்கொண்டே
எண்ணினேன்.

"போதும்மா."

தட்டை அவள் ஒளிக்கவில்லை.
மேசையின் நடுவே தள்ளிவைத்தாள்,
நான்கு துண்டு அதில் தெரியும்படி.
ஒன்றில் பல் பதிந்திருந்தது.

கொல்லைக்கு எடுத்துப் போனேன்.
வேலியோரம் ஆறும் ஓடி வந்தன.
அவற்றுக்கு இரண்டு, கபித்தானுக்கு ஒன்று.
பல் பட்ட துண்டு கையிலேயே இருந்தது.
மழையில் உப்பு கரைவதற்குள்
நின்றபடி அதை நானே தின்றேன்.

கபித்தான் கீழே உட்கார்ந்து
என் தாடை அசைவதையே
பார்த்துக்கொண்டிருந்தது.